பனிக்காலத்தில் தொட்டிச் செடிகள்: வாசகர் கேள்வி பதில்

கார்த்திகை பிறந்துவிட்டால் தோட்டப் பகுதிக்கு ஒரே கேள்வி பல ஊர்களிலிருந்து வருகிறது: தொட்டிச் செடிகளைப் பனி முடியும்வரை வீட்டுக்குள் எடுத்து வைக்கலாமா? பதில் ஊருக்கு ஊர் மாறும். கரூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 120 மீட்டர் உயரம், கோவை 410, ஏற்காடு 1,500, உதகை 2,240. உதகைக்குச் சொன்னதைக் கரூரில் செய்தால் செடி அழுகிப்போகும். கரூருக்குச் சொன்னதை உதகையில் செய்தால் ஒரே இரவில் கருகிவிடும். அதனால் இந்த இதழில் கேள்விகளை ஊரோடு சேர்த்தே வெளியிடுகிறோம். உங்கள் ஊர் எந்த ஊரின் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் பதிலைப் பாருங்கள்.

வடவள்ளி, கோவை

கேள்வி: பால்கனியில பன்னிரண்டு அக்லோனிமா தொட்டி வெச்சிருக்கேனுங்க. கார்த்திகைக் கடைசியிலிருந்து சிலதுல இலையில் கறுப்புத் திட்டு வருது, சிலதுல நுனி காய்ஞ்சு போகுது, சிலதுல அடி இலை பழுத்து விழுது. எல்லாம் பனியாலதானுங்களா? வீட்டுக்குள்ள கொண்டு போயிடலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பவை மூன்று வேறு வேறு கோளாறுகள். மூன்றையும் பனியின் தலையில் கட்டினால் வைத்தியம் தவறிவிடும்.

இலையின் நடுவில் நீர் கோத்துப் பிறகு சாம்பல் கலந்த கறுப்பாக மாறும் திட்டு, அதுதான் குளிரால் வந்தது. அக்லோனிமா வெப்பக் காட்டில் மர நிழலில் வளர்ந்த செடி. இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். 12, 13 டிகிரியில் சில மணி நேரம் நின்றாலே இலைச் செல்களின் சவ்வு இறுகி, உள்ளிருக்கும் நீர் கசியத் தொடங்கும். திட்டு அன்றைக்கே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே வரும். கோவை நகருக்குள் மார்கழி இரவு பெரும்பாலும் 17, 18 டிகிரியில் நிற்கிறது. மலையடிவாரத்தை ஒட்டிய உங்கள் பக்கம் சில இரவுகள் அதைவிட நன்றாகவே இறங்கும். திறந்த பால்கனியில் காற்றும் சேர்ந்து அடித்தால் முதலில் அடிபடுவது அக்லோனிமாதான். டிஃபன்பேக்கியாவும் அந்தூரியமும் அதற்கு அடுத்து வரும்.

நுனி மட்டும் காய்ந்து பழுப்பானால் அது உப்பு. சிறுவாணித் தண்ணீர் ஊற்றும் தொட்டிக்கும் போர்த் தண்ணீர் ஊற்றும் தொட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒரு அடையாளத்திலேயே கண்டுகொள்ளலாம். தொட்டி விளிம்பிலும் அடித்துளையிலும் வெள்ளையாகப் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். நல்ல வெயில் உள்ள ஒரு நாள் காலையில், தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுக்க வடியவிடுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. உப்பு அதில்தான் கூடுதல், அதை வாசல் கழுவப் பயன்படுத்துங்கள்.

அடி இலை மஞ்சளாகி விழுவதும், இரண்டு அங்குல ஆழத்தில் விரலை விட்டால் மண் ஈரமாக இருப்பதும் சேர்ந்தால், வேர் அழுகுகிறது. குளிரில் வேர் தண்ணீர் குடிக்கும் வேகம் குறையும். ஆனால் நம் கை மட்டும் சித்திரையில் ஊற்றிய அளவையே ஊற்றிக்கொண்டிருக்கும். பனிக்காலத்தில் சமவெளியில் குளிர் கொல்லும் செடிகளைவிடத் தண்ணீர் கொல்லும் செடிகளே அதிகம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அழுகிய செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, பழுப்பாகக் குழைந்த வேர்களை வெட்டி, மிச்ச வேருக்குப் போதுமான சிறிய தொட்டிக்கு மாற்றுங்கள். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, உமிக்கரி அல்லது பெருமணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. மண்புழு உரத்தில் கிலோவுக்குப் பத்து கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையைக் கலந்துகொள்ளலாம். கலந்த தொட்டியில் ரசாயனப் பூஞ்சைக்கொல்லி ஊற்றினால் அந்த நல்ல பூஞ்சையும் செத்துவிடும்.

உள்ளே கொண்டு போகலாமா என்றால், அக்லோனிமாவைக் கொண்டு போகலாம். எந்த ஜன்னல் என்பதுதான் முக்கியம். கோவை 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. மார்கழியில் உச்சி வேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஆனி மாதத்தில் வெயிலே படாத தெற்கு ஜன்னலில் இப்போது சன்ஷேடையும் தாண்டி இரண்டு மூன்று அடி உள்ளே வெயில் விழும். வடக்கு ஜன்னல் இருண்டுவிடும். ஆகவே கோடையில் செடி நன்றாக இருந்த வடக்கு அறையே மார்கழிக்கும் சரி என்று எண்ண வேண்டாம். தெற்கு ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, அல்லது மெல்லிய திரைக்குப் பின்னால், அல்லது கிழக்கு ஜன்னல் ஓரம் வையுங்கள். சோபாவுக்குப் பக்கத்தில் அழகாக இருக்கும் இருட்டு மூலை செடிக்கு ஆகாது.

தண்ணீரைக் காலை ஒன்பது மணிக்கு மேல், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு ஊற்றுங்கள். மேல் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே அடுத்த முறை. சாயங்காலம் இலை மேல் தெளிக்கும் பழக்கத்தைத் தை முடியும்வரை விட்டுவிடுங்கள்.

காந்தல், உதகை

கேள்வி: நாற்பது தொட்டிகளுக்கு மேல் இருக்கின்றன: ஜெரேனியம், ஃபியூஷியா, கிழங்கு பிகோனியா, கோலியஸ், ஹைட்ராஞ்சியா. வீட்டுக்குள் இவ்வளவுக்கும் இடமில்லை. போன வருடம் பாலித்தீன் தாளால் மூடியும் உறைபனியில் பாதி கருகிவிட்டது. எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது?

பதில்: உறைபனி மழை போல மேலிருந்து விழுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில், நிலமும் இலையும் தங்கள் சூட்டைத் திறந்த வானத்துக்கு விட்டுவிடுகின்றன. இலையின் வெப்பம் சுற்றியுள்ள காற்றைவிடவும் கீழே இறங்கி, அதன் மேல் ஈரம் பனிக்கட்டியாகப் படிகிறது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். காந்தல், தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் வெள்ளையடித்துக் கிடக்கும் அதே காலையில் மேட்டு வீடுகளில் ஒன்றும் இல்லாதிருப்பது இதனால்தான்.

இதிலிருந்தே வழியும் பிறக்கிறது. வானம் தெரியாத இடத்தில் உறைபனி பிடிப்பது மிகக் குறைவு. தொட்டிகளை வீட்டுக்குள் கொண்டு போக இடமில்லாவிட்டாலும், கூரை இறவாரத்தின் கீழ், பகலெல்லாம் வெயில் வாங்கிய தெற்குச் சுவரையோ மேற்குச் சுவரையோ ஒட்டி நெருக்கமாக அடுக்கினாலே பாதிக் காரியம் முடிந்தது. சுவர் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தரும். தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றி வையுங்கள், குளிர்காற்று தேங்குவது தரைமட்டத்தில்.

பாலித்தீன் ஏன் கைவிட்டது? அது இலையைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். தொட்ட இடத்தில் ஈரம் கோத்து அங்கேயே உறைந்து, இலையையும் சேர்த்துக் கருக்கிவிடும். மூங்கில் குச்சி நட்டு, இலைக்கு மேல் அரை அடி இடைவெளி விட்டு, சாக்கு அல்லது பழைய போர்வையைப் போடுங்கள். துணி தரைவரை தொங்க வேண்டும். செடிக்குக் குடை பிடித்த மாதிரி மேலே மட்டும் போட்டால் தரையிலிருந்து வரும் சூடு பக்கவாட்டில் ஓடிவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்குள், தரை ஆறுவதற்கு முன்பே மூடிவிட வேண்டும். ஒன்பது மணிக்கு மூடினால் குளிரை உள்ளே வைத்து மூடுகிறோம். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் புழுங்கிப் பூஞ்சை வரும். அரசு தாவரவியல் பூங்காவில் நாற்றுகளை மிலார் செடிகளால் மூடிவைப்பதும் இதே கணக்குதான். இலைதழை மூடாக்கு காற்றையும் விடும், வானத்தையும் மறைக்கும்.

உள்ளே கட்டாயம் போக வேண்டியது கோலியஸ். அது ஒரு உறைபனிக்கே கூழாகிவிடும். முழுத் தொட்டியையும் தூக்க வேண்டாம். கார்த்திகையிலேயே நான்கு அங்குலத் துண்டுகள் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தண்ணீரில் நிறுத்தி ஜன்னலில் வைத்தால் அடுத்த வருடத்துக்கான செடி அதில் இருக்கிறது.

கிழங்கு பிகோனியாவுக்கு இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்துங்கள். தண்டு தானாகக் கழன்ற பிறகு கிழங்கை எடுத்து, ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணலிலோ மரத்தூளிலோ புதைத்து, உறையாத அறையில் அட்டைப் பெட்டியில் வைக்கலாம். பன்னிரண்டு பிகோனியா ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும். கழலாத தண்டைப் பிய்த்து எடுத்தால் அந்தப் புண் வழியாக அழுகல் இறங்கும்.

ஜெரேனியத்தை மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வெட்டி, 5 முதல் 10 டிகிரி இருக்கும் வெளிச்சமான தாழ்வாரத்தில் வைத்தால் போதும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை அரை டம்ளர் தண்ணீர். அதற்கு மேல் ஊற்றினால் அடித்தண்டு கறுத்து அழுகும். வெட்டிய துண்டுகளை ஒரு நாள் நிழலில் காயவிட்டு மணலில் குத்தினால் வேர் பிடிக்கும். ஃபியூஷியாவும் இப்படித்தான், ஆனால் அதன் மண் முற்றிலும் காய்ந்துவிடக் கூடாது. ஹைட்ராஞ்சியாவை இறவாரத்தில் விடுங்கள், இலை கொட்டினாலும் தளிர்க்கும். அடுத்த வருடப் பூ மொட்டு கிளை நுனியில் இருப்பதால் அதை மட்டும் துணி போட்டுக் காப்பாற்றுங்கள், வெட்டாதீர்கள்.

ஏற்கெனவே உறைந்த செடியைக் காலை வெயிலில் நிறுத்தாதீர்கள். நிழலுக்கு நகர்த்தி மெதுவாக இளக விடுங்கள். வேகமாக இளகினால் பாதிப்பு கூடும். கருகிய கிளைகளை மாசிக் கடைசிவரை அப்படியே விடுங்கள். வெட்டினால் இளந்தளிர் வரும், அடுத்த உறைபனிக்கு அது இரையாகும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செடிகள் வைத்த மூடிய அறையில் சூட்டுக்காகக் கரி அடுப்போ தணலோ வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அந்த அறையிலோ அடுத்த அறையிலோ தூங்குகிறவர்களின் உயிருக்கே ஆபத்து.

திருச்செங்கோடு

கேள்வி: செடிகளுக்கு இரவில் குண்டு பல்பு அல்லது ரூம் ஹீட்டர் போட வேண்டுமா?

பதில்: உங்கள் ஊரில் தேவையே இல்லை. ஹீட்டர் காற்றை உலர்த்தி இலை ஓரத்தைக் காய வைக்கும், செஞ்சிலந்திப் பேனைக் கூப்பிடும். ஜன்னல் கதவைச் சாயங்காலம் ஆறு மணிக்குச் சாத்தினால் போதும்.

ஈரோடு

கேள்வி: அடீனியம் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிடுச்சுங்க. பனி படாம இருக்கட்டும்னு வீட்டுக்குள்ள வெச்சேன். இப்ப அடித்தண்டு தொட்டா மெதுமெதுன்னு இருக்கு. பிழைக்குமா?

பதில்: இலை கொட்டியது நோயில்லை. பகல் குறைந்து இரவு குளிர்ந்தால் அடீனியம் ஓய்வுக்குப் போகும். இலை கொட்டினால் வாடுகிறது என்று நினைத்து வழக்கம்போல ஊற்றுவதுதான் ஆபத்து. இலை இல்லாத செடி தண்ணீரைச் செலவழிப்பதில்லை.

மெதுமெதுப்பு இரண்டு வகை. விரலால் அழுத்தினால் சுருங்கிய தோல் போலத் தோன்றி, பழுப்பு நிறமோ வாடையோ இல்லாவிட்டால் தாகம். ஒரு முறை நன்றாக ஊற்றினால் ஒரு வாரத்தில் இறுகும். குழைந்து, கசிந்து, புளித்த வாடை வந்தால் அழுகல். அப்படியானால் இன்றே பிடுங்கி, மண்ணைத் தட்டிவிட்டு, கூர்மையான கத்தியால் பழுப்பு நிறம் துளியும் இல்லாத வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். வெட்டிய முகத்தில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் தொங்கவிட்டு, காயம் இறுகிய பிறகு பெருமணலும் செங்கல் சல்லியும் பாதிக்கு மேல் உள்ள கலவையில் நடுங்கள். நட்டு ஒரு வாரம் தண்ணீர் கூடாது.

இனி அதை வீட்டுக்குள் வைக்க வேண்டாம். ஈரோட்டின் பனி அடீனியத்தைக் கொல்லாது. இருட்டும் ஈரமும்தான் கொல்லும். ஆறு மணி நேரம் வெயில் படும், மழை படாத சன்ஷேடு அடியில் வைத்து, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை மட்டும் ஊற்றுங்கள்.

சத்தியமங்கலம்

கேள்வி: கலாடியம் முழுக்கப் படுத்துவிட்டது. செத்துப்போச்சா?

பதில்: மஞ்சள் விளையும் பூமிக்காரர் நீங்கள், உங்களுக்கு விளக்குவது எளிது. தை மாதம் மஞ்சள் தாள் காய்ந்து சாய்ந்தாலும் கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறதல்லவா, இதுவும் அப்படித்தான். தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழையும் பனியும் படாத ஆசாரத்து மூலையில் நகர்த்துங்கள். தூங்கும் செடிக்கு வெளிச்சம் தேவையில்லை. பங்குனியில் கிழங்கை எடுத்துப் புது மண்ணில், முளை மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில் வையுங்கள். முளை தெரிந்த பிறகே தாராளமாகத் தண்ணீர்.

கோபிசெட்டிபாளையம்

கேள்வி: மகள் கனடாவில் டொராண்டோவில இருக்குதுங்க. அங்கே கடையில வாங்கின கறிவேப்பிலைச் செடி, கோடையில நல்லா வந்துச்சு. போன வருஷம் வீட்டுக்குள்ள வெச்சும் தை மாசத்துல இலை பூரா கொட்டிப் பட்டுப்போச்சு. இந்த வருஷம் புதுச் செடி. நம்ம வழக்கப்படி புளிச்ச மோர் ஊத்தச் சொல்லட்டுமா? எப்படிக் காப்பாத்துறது?

பதில்: மோர் வேண்டாம். இங்கே வாசலில், வெயிலில், வேர் சுறுசுறுப்பாக இருக்கும்போது ஊற்றும் மோர் வேறு. மூடிய வீட்டில் அது வாடையையும் ஈயையும்தான் கொண்டுவரும். வளராத வேருக்கு எந்த உரமும் சுமை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை எதுவும் போடாமல் இருப்பதே நல்லது.

அங்கே குளிரைவிட வெளிச்சம் பெரிய குறை. டிசம்பர் கடைசியில் கோபியில் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குப் பக்கம், டொராண்டோவில் ஒன்பது மணி நேரம்கூட முழுதாக இல்லை. உச்சி வேளைச் சூரியன் 23 டிகிரி உயரத்தில்தான், அதுவும் பல நாள் மேகத்துக்குப் பின்னால்.

மகள் முதலில் இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: செடியை வளர்த்துக்கொண்டே இருப்பதா, தூங்க வைப்பதா. வளர்ப்பதென்றால் 20 டிகிரிக்கு மேல் சூடும், தினம் 12 முதல் 14 மணி நேரம் வெளிச்சமும் இரண்டும் வேண்டும். 20 அல்லது 30 வாட் வெள்ளை எல்.இ.டி. வளர்ப்பு விளக்கை நுனியிலிருந்து ஓர் அடி உயரத்தில் கட்டி, டைமர் போட்டுவிடலாம். தூங்க வைப்பதென்றால் 12 முதல் 15 டிகிரி இருக்கும் குளிர்ந்த அறை, ஜன்னல் வெளிச்சம், மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை கொஞ்சம் தண்ணீர். இலை கொட்டும், கொட்டட்டும். இரண்டுக்கும் நடுவில் விடுவதுதான் செடியைக் கொல்கிறது. சூடான அறையில் வெளிச்சமில்லாமல் வைத்தால் வெளுத்த தளிர் நீண்டு மாவுப்பூச்சி ஏறும். குளிர்ந்த ஜன்னலில் வைத்து வாரம் இரண்டு முறை ஊற்றினால் வேர் போய்விடும். போன வருடச் செடி இந்த இரண்டாவது வகையில் போயிருக்கலாம்.

உள்ளே எடுக்கும் நேரம், இரவு வெப்பம் 10, 12 டிகிரிக்கு இறங்கத் தொடங்கும்போது. அங்கே அது பெரும்பாலும் செப்டம்பர் கடைசி. முதல் உறைபனிவரை காத்திருக்கக் கூடாது. எடுப்பதற்குப் பத்து நாள் முன்பே நிழலான இடத்துக்கு நகர்த்திப் பழக்க வேண்டும். திடீரென்று வெயிலிலிருந்து அறைக்குள் போனால் அந்த அதிர்ச்சியிலேயே இலை கொட்டும். உள்ளே வருமுன் இலையின் அடிப்பக்கம், இணுக்கு தண்டோடு சேரும் இடுக்கு எல்லாவற்றையும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, செதில் பூச்சி இருந்தால் நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். மண்ணின் மேல் ஓர் அங்குலத்தைச் சுரண்டிவிட்டுப் புது மண் போடலாம். பெரிய தொட்டிக்கு மட்டும் இப்போது மாற்றக் கூடாது. வேர் எட்டாத ஈர மண் அழுகலுக்கு வழி. அது ஏப்ரல் வேலை.

உள்ளே தெற்கு ஜன்னல். இலை கண்ணாடியைத் தொடக் கூடாது. சூடுகாற்று வரும் வாய்க்கு நேரேயும் வைக்கக் கூடாது. அந்த உலர்ந்த காற்றில் செஞ்சிலந்திப் பேன் இரண்டே வாரத்தில் பெருகும். இலையில் ஊசிமுனைப் புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் அதன் அடையாளம். வாரம் ஒரு முறை குளியலறை ஷவரில் இலைகளைக் கழுவி வடியவிட்டால் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும். குழாயிலிருந்து நேரே வரும் பனித்தண்ணீரை வேரில் ஊற்றாமல் வெதுவெதுப்பாக்கி ஊற்ற வேண்டும்.

இலை முழுதும் கொட்டிவிட்டாலும் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள். தண்டின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்கட்டும். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மேலிருந்து கீழே கீறிக்கொண்டே வந்து, பச்சை தொடங்கும் இடத்துக்கு மேலே வெட்டிவிட்டால் மார்ச், ஏப்ரலில் அங்கிருந்து துளிர்க்கும். வெளியே திரும்ப வைப்பது மே மாதக் கடைசியில், இரவு 10 டிகிரிக்குக் கீழே போகாது என்று உறுதியான பிறகு.

இங்கிருந்து கன்று கொண்டு போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். மண்ணோடு செடியை அனுமதியின்றி எடுத்துப்போனால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.

ஏற்காடு

கேள்வி: மூன்று ஆர்க்கிட்கள்: கடையில் வாங்கிய ஃபலனாப்சிஸ், தாய்லாந்து டெண்ட்ரோபியம், பழைய நோபிலே டெண்ட்ரோபியம். நோபிலே இலை விட்டுக்கொண்டே இருக்கிறது, பூ இல்லை. மூன்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

பதில்: ஒரே இடம்தான் குறை. ஃபலனாப்சிஸை வீட்டுக்குள், கிழக்கு ஜன்னலில் வையுங்கள். இரவு 16 முதல் 18 டிகிரி சில வாரம் கிடைத்தால் பூத்தண்டு கிளம்பும், 13க்குக் கீழே போனால் இலை குழியும். நடுக்குருத்தில் தண்ணீர் நிற்கவே கூடாது. நின்றால் பஞ்சால் ஒற்றி எடுங்கள், ஓர் இரவு நின்றாலும் குருத்து அழுகலாம். தாய்லாந்து டெண்ட்ரோபியமும் உள்ளேதான், 15க்கு மேல்.

நோபிலேயை வெளியே, இறவாரத்தில், நல்ல வெளிச்சத்தில் விடுங்கள். ஏற்காட்டின் மார்கழி அதற்கு வரம். பூ மொட்டு வைக்க அதற்கு 10 முதல் 13 டிகிரி இரவும், உலர்ந்த ஓய்வும் தேவை. கார்த்திகை முதல் உரத்தை முற்றிலும் நிறுத்துங்கள். தண்டு சுருங்காத அளவுக்கு மட்டும் தண்ணீர். தொடர்ந்து நீரும் உரமும் கிடைத்தால் மொட்டு வர வேண்டிய கணுவில் குட்டிச் செடிதான் வரும். உங்களுக்கு நடப்பது அதுவே.

பொள்ளாச்சி

கேள்வி: உள்ளே வைத்த மணி பிளான்ட் தொட்டிகளில் குட்டிக் கறுப்பு ஈக்கள் பறக்குதுங்க. தென்னை நார்க்கழிவில்தான் நட்டிருக்கேன்.

பதில்: அந்த ஈக்கள் மண்ணின் மேல் ஈரத்தில் முட்டையிடுகின்றன. புழுக்கள் பூஞ்சையையும் இளவேர்களையும் தின்னும். நார்க்கழிவு மேலே வெளுத்துக் காய்ந்தது போலத் தோன்றினாலும் உள்ளே ஈரம் தேங்கியிருக்கும். கண்ணால் பார்த்து ஊற்றாமல் தொட்டியைத் தூக்கி எடை பார்த்து ஊற்றுங்கள். மேல் இரண்டு அங்குலம் நன்றாகக் காயவிட்டு, அரை அங்குலம் ஆற்று மணல் பரப்பி, மஞ்சள் ஒட்டுப் பொறி ஒன்றைத் தொட்டி ஓரம் குத்துங்கள். ஒரு தலைமுறை முடிய மூன்று நான்கு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் ஈ குறைந்தது என்று நிறுத்தினால் திரும்ப வரும். தட்டில் வடிந்த தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

நாமக்கல்

கேள்வி: குரோட்டன்ஸை உள்ளே வைத்ததும் வெள்ளையாய் மாவுப்பூச்சி. மற்ற செடிகளுக்கும் பரவுகிறது.

பதில்: உள்ளே வைத்ததால் வந்ததில்லை, கூடவே வந்தது. வெளியே பொறிவண்டும் மழையும் அதை அடக்கி வைத்திருந்தன. அந்தத் தொட்டியை இன்றே பிரித்து வையுங்கள். பஞ்சைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு கூட்டத்தையும் துடைத்தெடுங்கள். இலைக் காம்பின் அடிதான் அதன் ஒளிவிடம். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், ஒன்றிரண்டு மில்லி சோப்புக் கரைசல். முதலில் சோப்பையும் எண்ணெயையும் குழைத்த பிறகு தண்ணீர் சேர்த்தால்தான் கலக்கும். வெயில் தாழ்ந்த பிறகு, வெளியே வைத்து, இலை அடியில் படும்படி தெளித்து, காய்ந்ததும் உள்ளே எடுங்கள். வாரம் ஒன்றாக மூன்று முறை. எறும்பு ஏறினால் அதையும் தடுக்க வேண்டும், மாவுப்பூச்சியைச் சுமந்து பரப்புவது எறும்புதான். அடுத்த வருடம் எந்தத் தொட்டியையும் இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.

திருப்பூர்

கேள்வி: மார்கழியில் துளசி காய்ந்து குச்சியாகிறது. உள்ளே வைக்கலாமா?

பதில்: வேண்டாம், துளசிக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். மாடத்தின் திசை மாறாவிட்டாலும், சூரியன் தெற்கே போய்விட்டதால் சுவர் நிழல் விழுகிறதா பாருங்கள். பூங்கதிரைக் கிள்ளிவிடுங்கள். விதை கட்டிவிட்டால் செடி தன் வேலை முடிந்ததென்று காய்வது அதன் இயல்பு. தினம் பூசைக்கு ஊற்றும் செம்புத் தண்ணீரின் அளவைக் குறைத்துச் சிறிதளவே விடுங்கள். முதிர்ந்த கதிரை உதிர்த்து இப்போதே இரண்டு கன்று போட்டு வைப்பது நல்லது.

கரூர்

கேள்வி: உள்ளே வைத்த செடிகளை எப்போது வெளியே எடுக்கலாம்? போன வருடம் பங்குனியில் மொட்டை மாடியில் வைத்தேன், இரண்டே நாளில் இலை வெளுத்துச் சுட்டுப்போனது.

பதில்: உங்கள் ஊரில் தை கடைசி வாரமே எடுத்துவிடலாம், பங்குனிவரை காத்திருக்கக் கூடாது. அறைக்குள் விட்ட இலை மெல்லியது, அதற்குக் கரூர் வெயிலைத் தாங்கும் தோல் இல்லை. ஒருமுறை சுட்ட இலை தேறாது. முதல் நான்கு நாள் திண்ணை நிழல். அடுத்த நான்கு நாள் காலை எட்டு மணிவரை வெயில். பிறகு பத்து மணிவரை. இரண்டு வாரத்துக்குப் பின் அதன் இடத்துக்குப் போகலாம். அக்லோனிமா, மணி பிளான்ட், அந்தூரியம் ஆகியவை மொட்டை மாடிக்கே போக வேண்டாம், போனால் 75 சத நிழல்வலைக்குக் கீழே.

மண் மாற்றுவதும் கிளை கவாத்தும் புதுத்தளிர் தெரிந்த பிறகு மாசியில் செய்யுங்கள். உரம் முதல் தடவை பாதி அளவு: எட்டு அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அல்லது முப்பது மடங்கு நீரில் கலந்த பஞ்சகவ்யம் ஒரு டம்ளர். தண்ணீரையும் அதே போல் படிப்படியாகக் கூட்டுங்கள். வெளியே வந்த முதல் வாரத்தில் காற்றால் மேல்மண் சீக்கிரம் காயும், அடிமண் ஈரமாகவே இருக்கும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்த பிறகே ஊற்றுங்கள்.